பிறக்கும்போது பணம், கல்லூரிக்குப் போனால் பணம்: நடுவில் இருக்கும் ஆண்டுகள்

சேலம் மாவட்டத்தில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. இளம்பிள்ளையிலும் ஜலகண்டாபுரத்திலும் தறி ஓட்டுகிறவருக்கு வாரக் கூலி. அதிலும் வாங்கிய முன்பணத்துக்குப் பிடித்தது போக மீதிதான் வீட்டுக்கு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவருக்கு ஆர்டர் இருந்தால் வேலை. மரவள்ளி வரத்து ஓய்ந்தால் ஜவ்வரிசி ஆலையும் ஓயும். மேலே ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் கையில் நாலு காசு புழங்கும். மற்ற மாதங்களில் களையெடுப்பு, கவாத்து என்று கிடைத்தால் உண்டு. பிள்ளைகளின் செலவு மட்டும் எல்லா மாதமும் வருகிறது.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு அரசு என்ன பணம் தருகிறது, எப்போது தருகிறது, யார் கையில் தருகிறது என்பதைக் கோத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. திட்டங்களின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு பிள்ளையின் வயதை வரிசையாக வைத்து எந்த வயதில் எது கிடைக்கிறது என்று பார்த்தால்தான் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது தெரிகிறது.

முதலில் கர்ப்ப காலம். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி. அதில் 14,000 ரூபாய் பணமாகத் தவணைகளில் வரும். 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டப் பணமும் இதற்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான் உண்டு. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்க வேண்டும், பிரசவம் அரசு மருத்துவமனையில் நடக்க வேண்டும். தவணைகள் தள்ளிப்போய், பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு வந்து சேர்வதும் உண்டு. கர்ப்பிணி சாப்பிடுவதற்கான பணம் கர்ப்பம் முடிந்தபின் வந்தால் அது கடனை அடைக்கத்தான் உதவும்.

தவணைகள் முடிந்த பிறகு, பிள்ளையின் பெயரைச் சொல்லி மாதாமாதம் வரும் பணம் என்று ஒரு சாதாரண ஏழைக் குடும்பத்துக்கு எதுவும் இல்லை. மாதாமாதம் வரும் உதவி அடுத்து அந்தப் பிள்ளை கல்லூரியில் சேரும்போதுதான். நடுவில் பதினாறு, பதினேழு ஆண்டுகள். இந்த நீண்ட இடைவெளியை இரண்டு விஷயங்கள் நிரப்புகின்றன. ஒன்று அம்மாவின் பெயரில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாய், அதாவது கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. இன்னொன்று சாப்பாடு.

இந்த உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம்களை 2023 ஜூலை 24 அன்று முதல்வர் தொடங்கிவைத்தது நமக்குப் பக்கத்தில், தருமபுரி மாவட்டத் தொப்பூரில். பணம் வரத் தொடங்கியது அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல். ஏறக்குறைய 1 கோடியே 6 லட்சம் பெண்களோடு தொடங்கிய திட்டம் இது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இதற்கு ஒதுக்கியது 13,807 கோடி ரூபாய். தலைக்கு ஆண்டுக்கு 12,000 என்று வகுத்துப் பார்த்தால் 1 கோடியே 15 லட்சம் பெண்கள். நாட்டிலேயே பெரிய பண உதவித் திட்டங்களில் இது ஒன்று.

தகுதி விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிராகரிப்பு அதிகம் நடப்பது இங்கேதான். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்கு மேலோ புன்செய் 10 ஏக்கருக்கு மேலோ இருக்கக் கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் இருக்கக் கூடாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசி விதிதான் சேலத்தில் பலரைக் குழப்புகிறது. நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால், இந்த வரம்பு ஒரு பில்லுக்கு 600 யூனிட். தறி இணைப்புக்குத் தனி மீட்டர், தனிக் கட்டணம்; அதில் ஓடுகிற யூனிட் இந்தக் கணக்கில் வராது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதும் வேறு கணக்கு. ஆனால் அம்மாபேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் ஒரே வீட்டு மீட்டரில் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் இரண்டும் ஓடினால், இருவரின் செலவும் ஒரே வீட்டின் கணக்காகத்தான் ஏறும். கணினிக்குத் தெரிவது மீட்டர் எண் மட்டும். அந்த மீட்டருக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதை நாம்தான் மேல்முறையீட்டில் சொல்ல வேண்டும். மேல்முறையீடு போகும் இடம் வருவாய்க் கோட்டாட்சியர். மனுவை இ-சேவை மையம் வழியாகப் போடலாம்.

இன்னொரு விதி, ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்பது. மாமியார், இரண்டு மருமகள்கள், ஐந்து பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே அட்டையில் இருந்தால் வருவது ஒரே ஒரு 1,000 ரூபாய். ஒற்றைப் பிள்ளையோடு தனி அட்டையில் இருக்கும் வீட்டுக்கும் அதே 1,000. இந்தத் தொகை பெண்ணின் உழைப்புக்கான உரிமை என்ற எண்ணத்தில் வடிவமைத்தது. அந்த எண்ணம் சரியானது. வீட்டில் பெண் செய்யும் வேலைக்கு யாரும் கூலி தருவதில்லை, அரசு அதை ஏதோ ஒரு வகையில் ஒத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது என்பதை இந்தத் திட்டம் பார்ப்பதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலகத்தில் வேறு பல இடங்களில் பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தருகிறார்கள். பிரிட்டனில் 1977 முதல் நடக்கும் குழந்தை உதவித்தொகை பெரும்பாலும் தாயின் கணக்குக்குத்தான் போகிறது. தென்னாப்பிரிக்காவில் 1998-ல் வந்த குழந்தை ஆதரவு மானியம், பிள்ளையை வளர்ப்பவர் பாட்டியாக இருந்தாலும் அவர் கைக்கே போகிறது. நம்மிடம் அந்த மாதிரி ஒன்று பொதுவாக இல்லை.

சரி, 1,000 ரூபாய் என்ன செய்துவிடும் என்று கேட்கிறவர்கள் உண்டு. இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கூலிப் பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத வீட்டில், 15-ஆம் தேதி வரும் என்று தெரிந்த பணம் தன் அளவைவிட அதிக வேலை செய்கிறது. தேதி தெரிந்தால் பால்காரரிடம் தவணை சொல்லலாம், பிள்ளையின் ஆட்டோவுக்குச் சொல்லலாம், மருந்துக் கடையில் நாள் சொல்லலாம். வட்டிக்கு வாங்காமல் ஒரு வாரத்தைத் தள்ளலாம். மகளிர் குழுக் கடனுக்கான தவணையைக் கட்டலாம். அப்புறம், அது அம்மாவின் கணக்கில் வருகிறது. கேட்டு வாங்க வேண்டியதில்லை. தாயின் கையில் சேரும் பணம் பிள்ளையின் வயிற்றுக்கும் படிப்புக்கும் போகும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. நம் தெருவில் இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு வேண்டியதில்லை.

தொடங்கிய முதல் மாதத்தில், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் இந்த 1,000-இல் கைவைத்ததும், அரசு தலையிட வேண்டியிருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆதார் வழியாக அனுப்பும் உதவிகளில் இன்னொரு சிக்கல்: நீங்கள் கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குப் பணம் போய்விடும். எப்போதோ யாரோ கேட்டார்கள் என்று திறந்து மறந்துபோன கணக்கில் மாதக்கணக்காகப் பணம் சேர்ந்துகொண்டிருக்கும், வீட்டில் வரவில்லை என்று அலைந்துகொண்டிருப்பார்கள். பணம் நின்றால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

தொகையின் மதிப்பு குறைவதையும் பேச வேண்டும். 1,000 ரூபாய் என்று 2023-ல் நிர்ணயித்த தொகைக்கும் விலைவாசிக்கும் எந்தத் தொடர்பும் வைக்கவில்லை. ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறுவதாக வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டில் அந்த 1,000 ரூபாய் பழைய 864 ரூபாய் வாங்கியதைத்தான் வாங்கும். அகவிலைப்படி அரசு ஊழியருக்கு ஏறுகிறது. இந்தப் பெண்களுக்கும் ஏதோ ஓர் அளவில் ஏற வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து சாப்பாடு. இதைப் பணக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, ஆனால் ஏழை வீட்டுக்கு இது வருமானத்துக்குச் சமம். ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. அங்கன்வாடியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு, இரண்டு வயதுக்கு மேல் மதியச் சோறும் முட்டையும். பள்ளியில் 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, அதற்கு மேல் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு. காலை உணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, பிறகு 2024-ல் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-ல் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. இன்று 20 லட்சம் பிள்ளைகள் அளவில் சாப்பிடுகிறார்கள். விடியலிலேயே தறிக்கோ தோட்டத்துக்கோ கிளம்பும் அம்மாவுக்கு இதில் இரண்டு லாபம்: மாவுச் செலவும் மிச்சம், அரைமணி நேரமும் மிச்சம்.

ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவு நின்றுவிடுகிறது. வளரும் பிள்ளை, பசி அதிகமாகும் வயது. அப்புறம் ஏப்ரல் முடிவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பள்ளி இல்லை, அதனால் சோறும் இல்லை. தொடக்கப் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அந்தக் கோடையில் ஒரு நாளைக்குக் கூடுதலாக நான்கு வேளைச் சாப்பாட்டைச் சமாளிக்க வேண்டும். அம்மாவின் 1,000 ரூபாய் அந்த மாதங்களிலும் அதே 1,000-தான். இந்த இடைவெளியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இங்கே சேலத்தின் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளையையும் பணத்தையும் சேர்த்து அரசு யோசிக்கத் தொடங்கியதற்கு இந்த மாவட்டம் ஒரு காரணம். பெண் சிசுக்கொலை நடந்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு இங்கே 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 2011-ல் அது 900-ஐத் தாண்டியது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கியது சேலத்தில்தான். வளர்க்க முடியாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்றது அது. அதே ஆண்டு வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம், குழந்தையின் பெயரில் அரசே வைப்புத் தொகை போடும் திட்டம். 2011-ல் தொகை ஏறியது: ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் தலா 25,000. பணம் மின்விசை நிதிக் கழகத்தில் இருக்கும், 18 வயது முடிந்ததும் வட்டியோடு பெண்ணின் கைக்கு வரும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும்.

அந்தக் காலத்துக்கு அது பெரிய செய்தி. பெண் பிறந்தால் செலவு என்ற பேச்சுக்கு, பெண் பெயரில் பணம் இருக்கிறது என்று ஒரு பதில். ஆனால் கட்டுப்பாடு கடுமையானது: ஆண் பிள்ளை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். பிள்ளை வளர உதவும் பணத்தை அறுவை சிகிச்சைக்கான சன்மானம் போல ஆக்கியது எனக்கு அப்போதும் இப்போதும் ஒப்பவில்லை. இரண்டு பெண்ணுக்குப் பின் ஓர் ஆண் பிறந்த வீட்டில் அந்த இரண்டு பெண்களுக்கும் பசி குறைந்துவிடுவதில்லை. மேலும் 18 வயதில் வரும் பணம் 3 வயதில் பால் வாங்காது. அது கல்யாணத்துக்கான சேமிப்பாகத்தான் பல வீடுகளில் நினைக்கப்பட்டது.

புதுமைப் பெண் திட்டம் இந்தப் போக்கை மாற்றியது. தாலிக்குத் தங்கம் என்று அறியப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தையே உயர்கல்விக்கான திட்டமாகத் திருப்பி, 2022 செப்டம்பர் 5 முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை வரும். பின்னர் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த பணத்தைப் பஸ்சுக்கும் புத்தகத்துக்கும் மாற்றியது தமிழ்நாடு எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று என்று மனதாரச் சொல்கிறேன்.

மலைக்கு வருவோம். நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம் என்று சேர்வராயன் மலையில் இருக்கும் ஊர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பழங்குடி மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை, பெண் பிள்ளைகளுக்குத் தனி ஊக்கத்தொகை, உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் வாசல் சாதிச் சான்றிதழ். மற்ற வகுப்பினருக்கு வட்ட அளவிலேயே சான்றிதழ் முடிந்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். அந்த அலுவலகம் இருப்பது ஏற்காட்டில் அல்ல, கீழே சேலத்தில். விசாரணை, பெற்றோரின் பழைய சான்று, உறவினர் சான்று என்று கேட்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டு, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, அதிகாரி இல்லை என்று திரும்பினால் அந்த உதவித்தொகையில் ஒரு பங்கு அப்போதே கரைந்துவிடுகிறது. பள்ளியிலேயே, அதுவும் ஆறாம் வகுப்புக்குள், எல்லாப் பிள்ளைக்கும் சான்றிதழ் முடித்துக் கொடுத்துவிட்டால் பன்னிரண்டு முடிக்கும்போது யாரும் ஓட வேண்டியதில்லை. இதற்குப் புதிய திட்டம் தேவையில்லை, முகாம் போட ஆள் போதும்.

கடைசியாக, வீட்டில் சம்பாதிக்கிறவர் இறந்துவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உதவி மிக அதிகமாகத் தேவைப்படுவதும், விதிகள் மிகவும் சிக்கலாவதும் இங்கேதான்.

சம்பாதித்தவர் 60 வயதுக்குள் இறந்திருந்தால் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்குத் தேசியக் குடும்ப நல உதவியாக ஒருமுறை 20,000 ரூபாய். மனைவிக்கு விதவை ஓய்வூதியம். 2023-ல் 1,000-லிருந்து 1,200 ஆனது. அதை வாங்குகிற பெண்ணுக்கு மகளிர் உரிமைத் தொகை கிடையாது. அதாவது கணவர் இருந்தபோது 1,000 வாங்கியவர், இல்லாதபோது 1,200 வாங்குகிறார். கூடுதல் 200.

பிள்ளைகளுக்கென்று இருப்பது ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வரும் நிதி ஆதரவு. கணவரை இழந்த, கைவிடப்பட்ட, விவாகரத்தான தாயின் பிள்ளைகளுக்கும், உறவினர் வளர்க்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும், உயிர்க்கொல்லி நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கும் தலைக்கு மாதம் 4,000 ரூபாய். பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தரும் திட்டம் இது. ஆனால் வருமான வரம்பு ஊரகத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000. மாதம் 6,000 அல்லது 8,000. நாளுக்கு 250 ரூபாய் கூலிக்கு மாதம் 24 நாள் வேலைக்குப் போகும் பெண் சரியாக 6,000-இல் நிற்கிறார். இன்னொரு நாள் போனால் வரம்பைத் தாண்டிவிடுகிறார், இரண்டு பிள்ளைக்கு வரக்கூடிய 8,000 ரூபாய் இல்லாமல் போகிறது. வரம்புக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்ற ஏற்பாடே கிடையாது. உழைத்ததற்குத் தண்டனை மாதிரி இருக்கிறது. இன்னொன்று, பிள்ளையை விடுதியில் சேர்த்தால் பொதுவாக இந்த உதவி நின்றுவிடும். மலையில் உண்டு உறைவிடப் பள்ளியைத் தவிர வேறு வழியில்லாத தாய் என்ன செய்வார்?

மாநில அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். தொகை சிறியது, ஆனால் பிள்ளையை முன்வைத்துக் கணக்கிடும் திட்டம் என்பதால் சரியான திசை. இதே கணக்கை, பெற்றோர் உயிரோடு இருக்கும் மிக ஏழை வீடுகளின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காவது நீட்டினால், நான் மேலே சொன்ன நீண்ட இடைவெளியில் மிக ஆபத்தான பகுதி அடைபடும். 72,000 வரம்பை ஏற்றுவது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது.

அதுவரை, கணவரை இழந்த ஒரு பெண் உங்கள் தெருவிலோ தோட்டத்திலோ இருந்தால், அவருக்கு இந்த உதவி இருப்பதையே யாரும் சொல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். விண்ணப்பம் போக வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. கணவரின் இறப்புச் சான்று, ஒரு வருடத்துக்குள் வாங்கிய வருமானச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, படிக்கிறதற்கான சான்று, ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்; கட்டணம் இல்லை.